பழைய ஆயில் எங்கே போகிறது? மோட்டார் சைக்கிள் ஆயில் மாற்றிய கதை



ஐப்பசி மழைக்கு முன் நம் மழைநீர் சேகரிப்புக் கிணற்றைத் தூர் வாரினோம். உங்களில் சிலர் அப்போது பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். கடைசி நான்கைந்து வாளிகளில் வந்த சேறு கன்னங்கரேல் என்று இருந்தது. அதன் மேல் தண்ணீர் ஊற்றியதும் பல நிறத்தில் ஒரு படலம் மிதந்தது. வேலைக்கு வந்தவர் விரலில் தொட்டு முகர்ந்துவிட்டு, "வண்டி ஆயில் சார்" என்றார்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் கோபமாகப் பேசினார்கள். பார்க்கிங்கில் யாரும் வண்டி வேலை பார்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அடுத்த பொதுக்குழுவில் அது உங்கள் முன் வரும். கையைத் தூக்குவதற்கு முன் இந்தக் கட்டுரையைப் படித்துவிடுங்கள்.

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் 1980களிலிருந்து என் மோட்டார் சைக்கிளுக்கு நானேதான் ஆயில் மாற்றுகிறேன். இங்கே குடிவந்த முதல் இரண்டு வருடங்களும் பழைய ஆயிலைப் பின்சுவர் ஓரமாக ஊற்றினேன். கரையான் வராது என்று என் அப்பா செய்வார், நானும் செய்தேன். அந்தச் சுவர் ஓரத்து மழைநீர் வாய்க்கால் நேராகக் கிணற்றுக்குத்தான் போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஆகவே அந்தக் கறுப்புச் சேற்றில் என் பங்கும் உண்டு.

என் பங்கு எவ்வளவு என்று யோசிக்கப் போய், மோட்டார் சைக்கிள் ஆயிலின் வரலாறே ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது என்று தோன்றியது. வேலை முடிந்த ஆயில் எங்கே போனது? ஒவ்வொரு காலத்திலும் இதற்கு ஒவ்வொரு பதில் இருந்திருக்கிறது.

சாலையில் போன காலம்

மாட்டு வண்டி பார்த்தவர்களுக்கு மசகு தெரியும். சக்கரத்தின் குடமும் அச்சும் ஒன்றோடொன்று தேயாமல் இருக்க அதைத் தடவுவார்கள். ஓட ஓட அது கசிந்து வழியில் சொட்டும். தீர்ந்ததும் மறுபடி தடவுவார்கள். பழையதை வடித்து எடுப்பது என்ற பேச்சே கிடையாது.

முதல் மோட்டார் சைக்கிள்களும் ஏறக்குறைய இப்படித்தான் ஓடின. 1900களின் தொடக்கத்து வண்டிகளில் எஞ்சின் ஆயிலுக்குத் தனியாக ஒரு சிறு தொட்டி இருக்கும். பக்கத்திலேயே ஒரு கைப்பம்பு. ஓட்டுபவர் சில மைல்களுக்கு ஒருமுறை அந்தப் பம்பை ஒரு தடவை அழுத்த வேண்டும். மேட்டில் ஏறும்போது இன்னொரு தடவை. அழுத்த மறந்தால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். அதிகம் அழுத்தினால் பின்னால் வருபவர் முகமெல்லாம் புகை. உள்ளே போன ஆயில் திரும்பி வராது. பாதி எரிந்துபோகும், மீதி சாலையில் சொட்டும். அந்தக் காலத்தில் "ஆயில் மாற்றுவது" என்ற வேலையே இல்லை, ஊற்றுவது மட்டும்தான்.

அன்றைய எஞ்சின் ஆயிலில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருந்தது: விளக்கெண்ணெய். கனிம எண்ணெயை விட அது சூட்டில் உலோகத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளும். முதல் உலகப் போரின் விமான எஞ்சின்கள் பலவும் விளக்கெண்ணெயில் ஓடியவைதாம். பிரிட்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டின் நிறுவனம் 1909-ல் விளக்கெண்ணெய் கலந்த ஓர் எஞ்சின் ஆயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆமணக்குக்கான ஆங்கிலப் பெயரையே கொஞ்சம் மாற்றி அதற்கு வைத்த பெயர்தான் காஸ்ட்ரால். நம் பாட்டி கொடுத்த பேதி மருந்தும் அந்த ஆயிலும் ஒரே செடியில் பிறந்தவை.

1911-ல் அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஈ, எஞ்சின் ஆயிலின் கெட்டித்தன்மைக்கு எண் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்று நாம் கடையில் கேட்டு வாங்கும் "20டபிள்யூ-50" அந்த வழியில் வந்ததுதான். முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் எஞ்சின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் குறிக்கின்றன.

மண்ணில் போன காலம்

1920களிலும் 1930களிலும் ஒரு பெரிய மாற்றம் வந்தது. உள்ளே போன ஆயிலை இன்னொரு பம்பு வைத்துத் திரும்ப இழுத்துத் தொட்டிக்கே அனுப்பும் முறை பரவியது. ஹார்லி-டேவிட்சன் தன் பெரிய வண்டியில் இதை 1936-ல் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் அதற்கு முன்பே வந்துவிட்டது. ஒரே ஆயில் சுற்றிச் சுற்றி வேலை செய்ததால் செலவு குறைந்தது; சாலையும் தப்பியது. ஆனால் ஒரே ஆயில் சுற்றினால் அதில் அழுக்கு சேருமே! எரிந்த கரி, உலோகத் தூள், ஈரம், தப்பி வந்த பெட்ரோல் எல்லாம் அதில்தான் சேர்ந்தன. ஆயில் மாற்றுவது என்ற வேலை பிறந்தது அப்போதுதான்.

இந்த முறையில் ஓடிய ஒரு வண்டி நமக்கு வீட்டுப் பிள்ளை மாதிரி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு புல்லட்டைத்தான் சொல்கிறேன். 1950களின் முற்பகுதியில் இந்திய ராணுவம் புல்லட் கேட்டது. 1955-ல் ரெட்டிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள்; சில வருடங்களில் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச்சில் வண்டி செய்வது நின்ற பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது.

பழைய புல்லட்டில் எஞ்சினுக்கு ஓர் ஆயில், கியர் பாக்ஸுக்கு ஒன்று, கிளட்ச் பக்கத்துச் செயின் பெட்டிக்கு ஒன்று என்று மூன்று இடத்தில் மூன்று. எஞ்சின் ஆயிலை வடிகட்ட உள்ளே ஒரு கம்பளித் துணி ஃபில்டர் இருக்கும். அதைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி மறுபடி மாட்டுவோம், கிழிந்துபோனால்தான் புதிது. நான் 2,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் இரண்டு லிட்டருக்கு மேல் கறுப்பு ஆயில் தட்டில் நிற்கும். அதை எங்கே கொண்டுபோவது என்று யாரும் கேட்டதில்லை. வேலிக்காலில் பூசினோம், மரச்சட்டத்தில் பூசினோம், மாட்டுக் கொட்டகைத் தூணின் அடியில் ஊற்றினோம். மிஞ்சியது மண்ணுக்கு. எங்கள் தெருவில் அதைத் தப்பு என்று நினைத்தவர் ஒருவர்கூட இல்லை.

புகையாய்ப் போன காலம்

இதற்கிடையே நம் சாலைகளை டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் பிடித்துக்கொண்டன. 1960களில் மைசூரில் ஜாவாவும், பின்னர் எஸ்டியும், வடக்கே ராஜ்தூத், 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50, 1985-ல் யமஹா ஆர்எக்ஸ்100. இவற்றில் எஞ்சினுக்குத் தனி ஆயில் சுற்று கிடையாது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துவிட வேண்டும்; இரண்டும் சேர்ந்தே எரிந்துவிடும். ஆர்எக்ஸ்100 போன்றவை அந்தக் கலக்கும் வேலையை ஒரு சிறு பம்பிடம் ஒப்படைத்தன. மற்ற வண்டிக்காரர்கள் பெட்ரோல் பங்கில் இறங்கி, "ஒரு லிட்டர் போடுங்க, ஆயிலும் சேர்த்து" என்போம். கண்ணாடிக் குடுவை வைத்த பம்பில் அந்தப் பையன் ஒரு இழுப்பு இழுப்பான். கொஞ்சம் கூடப் போனால் நல்லது என்று நாமே சொல்வோம். அந்தக் கூடுதல் ஆயில் அத்தனையும் நீல நிறப் புகையாக அண்ணா சாலையில் நின்றது.

இந்த வண்டிகளில் கியர் பாக்ஸுக்கு மட்டும் கொஞ்சம் ஆயில் மாற்ற வேண்டியிருக்கும். எனவே வடித்த ஆயிலை எங்கே ஊற்றுவது என்ற சிக்கல் குறைந்ததுபோல் தெரிந்தது. ஆனால் மண்ணுக்குப் போனது காற்றுக்குப் போனது, அவ்வளவுதான். டெல்லியில் புகை பொறுக்க முடியாமல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. டூ-ஸ்ட்ரோக் ஆயிலைத் தனியாக ஊற்றுவதை 1998 இறுதிக்குள் நிறுத்தி, சரியான அளவில் கலந்த பெட்ரோலையே விற்க வேண்டும் என்று அந்த ஆண்டு உத்தரவிட்டது. அந்த உத்தரவு யாரையும் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லவில்லை. ஆயில் ஊற்றும் முறையைத்தான் மாற்றச் சொன்னது. நம் தீர்மானத்தைப் பற்றி யோசிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஃபில்டரில் நின்ற காலம்

1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி100 ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலைப் போட்டு மூடிவிட்டு மறந்துவிடலாம் என்பதாக அதற்கு விளம்பரம் வந்தது. பெட்ரோலை மறந்தவர்கள் எஞ்சின் ஆயிலையும் சேர்த்து மறந்தார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் பழகியவர்களுக்கு, உள்ளே ஓர் ஆயில் சுற்றுகிறது, அதை வடித்து மாற்ற வேண்டும் என்பதே புதுச் செய்தி. ஆயில் வற்றி எஞ்சின் போன வண்டிகளை நான் அந்தக் காலத்தில் நிறையப் பார்த்தேன்.

ஃபில்டரின் கதை இதைவிடப் பழையது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் என்பவர் கார் எஞ்சினுக்கு ஆயில் ஃபில்டர் ஒன்றைச் செய்தார். அதன் பெயர் ப்யூரோலேட்டர். தூய ஆயிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலிருந்து பிறந்தது. அதுவரை கல்லும் மண்ணும் போகாமல் தடுக்கக் கம்பி வலை மட்டும்தான் இருந்தது. மோட்டார் சைக்கிள்கள் வெகுகாலம் வலையிலும் கம்பளியிலுமே ஓடின. சிறிய ஹோண்டாக்களில் வேறொரு தந்திரம்: வேகமாகச் சுழலும் ஒரு கிண்ணத்துக்குள் ஆயிலை விடுவார்கள், கனமான தூள் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், தயிர் கடையும்போது வெண்ணெய் பிரிவது மாதிரி. 1969-ல் வந்த ஹோண்டா சிபி750-ல், காரில் இருப்பதுபோல் கழற்றிப் போட்டுப் புதிது மாட்டும் ஃபில்டர் இருந்தது. இன்று நம் பார்க்கிங்கில் நிற்கும் வண்டிகள் பலவற்றிலும் மடிப்பு மடிப்பான காகித ஃபில்டர் இருக்கிறது. 100 சிசி வண்டிகள் சிலவற்றில் இன்னும் வலைதான்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. பழைய புல்லட்டின் மூன்று ஆயில்களும் ஒன்றாகிவிட்டன. இன்றைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தகடுகள் அந்த ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்துகள் கூடியபோது, அவற்றை மோட்டார் சைக்கிளில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கியது. அதனால்தான் ஜப்பானியர்கள் 1998-ல் மோட்டார் சைக்கிளுக்கென்று ஜேசோ தரத்தைக் கொண்டுவந்தார்கள். டப்பாவின் பின்புறம் "ஜேசோ எம்ஏ" அல்லது "எம்ஏ2" என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். காருக்கு வாங்கி மிஞ்சியதை வண்டியில் ஊற்றாதீர்கள்.

நீங்களே மாற்றினால்

இத்தனை வருடம் கடந்து வேலை சுலபமாகிவிட்டது. அரை மணி நேரம் போதும். வாரண்டியில் இருக்கும் வண்டியென்றால் சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிடுங்கள். மற்றவர்கள் முதலில் வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள்: எந்த ஆயில், எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று அதில் இருக்கும். ஃபில்டரும் வாஷரும் ரப்பர் வளையமும் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும், வண்டி மாடலும் வருடமும் சொல்லிக் கேளுங்கள்.

வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். கை சுடும் அளவுக்கு வேண்டாம். சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, அடியில் பழைய பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். தட்டுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியை விரித்துப் போடுங்கள். கையுறை அவசியம், பழைய ஆயில் நெடுநாள் தோலில் பட்டால் கெடுதல்.

மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, அடியில் உள்ள டிரெயின் போல்ட்டைச் சரியான அளவு ஸ்பேனரால் கழற்றுங்கள். கடைசிச் சுற்றைக் கையால் சுற்றுங்கள், இல்லையென்றால் போல்ட் தட்டுக்குள் விழுந்துவிடும். பத்து நிமிடம் சொட்டட்டும். அந்த நேரத்தில் ஃபில்டர் மூடியைக் கழற்றுங்கள். அங்கிருந்தும் கொஞ்சம் ஆயில் வரும். உள்ளே ஸ்பிரிங் இருந்தால் அது எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரை எந்தப் பக்கம் வெளியே வர வேண்டுமோ அந்தப் பக்கமாகத்தான் மாட்ட வேண்டும். திருப்பி மாட்டினால் ஃபில்டர் இருந்தும் பயனில்லாமல் போகலாம். ஆயில் ஓட்டம் தடைப்பட்டு எஞ்சினே கெடவும் கூடும்.

டிரெயின் போல்ட்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு, முதலில் கையாலேயே முறுக்குங்கள். பிறகு ஸ்பேனரில் பிடிக்கும் அளவு மட்டும். எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். பலத்தைக் காட்டினால் திரெட் போய்விடும். எனக்கு ஒருமுறை போயிருக்கிறது. அந்த முறை சிக்கனம் செய்தது முழுவதும் லேத் பட்டறைக்குப் போனது. ஆயிலைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சற்றுக் குறைவாக ஊற்றி, எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, சில நிமிடம் கழித்து அளவு பார்த்து மீதியை ஊற்றுங்கள். போல்ட்டிலும் ஃபில்டர் மூடியிலும் கசிவு இருக்கிறதா என்று அன்றும் மறுநாளும் பாருங்கள். புது ஆயிலின் காலி டப்பாவை வெட்டிவிட்டுப் போடுங்கள்; கலப்பட ஆயில் விற்பவர்களுக்கு முழு டப்பா பொக்கிஷம்.

இனி எங்கே?

இவ்வளவும் செய்து முடித்தால் உங்கள் தட்டில் ஒன்று அல்லது இரண்டு லிட்டர் கறுப்பு ஆயில் நிற்கும். வேலை இன்னும் முடியவில்லை.

கார் ஒன்றுக்கு ஒருமுறை மாற்றும் பழைய ஆயில், பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்கிறது அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. அது சுமார் 38 லட்சம் லிட்டர். நம் வண்டியில் காரைவிடக் குறைவான ஆயில்தான். ஆனால் நம் கிணறும் கடல் அல்ல. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நாம் தோண்டிய கிணறும் வாய்க்காலும் அதன் பிறகு வந்தவை. 2019 கோடையில் சென்னை முழுக்க லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது, நம் போர் வற்றாமல் நின்றதற்கு அந்தக் கிணறும் ஒரு காரணம் என்று நாமே பேசிக்கொண்டோம். என் அப்பா காலத்தில் மண்ணில் ஊற்றிய ஆயில் மண்ணிலேயே கிடந்தது. இன்று நாமே வாய்க்கால் வெட்டி அதை நிலத்தடி நீருக்கு வழி காட்டுகிறோம். அவர் செய்தது வேறு. அதையே நான் இங்கே செய்தது வேறு.

சட்டத்தின் பார்வையில் பழைய ஆயில் அபாயகரமான கழிவு. 2016-ன் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. அதேசமயம் அது வீணான பொருளும் அல்ல. சுத்திகரித்தால் மறுபடி ஆயில் ஆகும். 2024 ஏப்ரல் முதல், விற்கும் ஆயிலில் ஒரு பங்கையாவது மறுசுழற்சி செய்ய வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு வந்திருக்கிறது. ஆக, போய்ச் சேர இடம் இருக்கிறது. அங்கே கொண்டு சேர்ப்பதுதான் நம் வேலை.

நம் வளாகத்தில் அதற்கு வழியும் இருக்கிறது. ஜெனரேட்டருக்கும் ஆயில் மாற்றுகிறோம். அந்தப் பழைய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளர் வந்து எடுத்துப்போகிறார். ஜெனரேட்டர் அறையில் மூடியுள்ள 20 லிட்டர் கேன் ஒன்றும் ஒரு புனலும் வைத்தால், நம் வண்டிகளின் ஆயிலும் அதோடு போய்விடும். பழைய ஃபில்டர்களை ஒரு இரவு கவிழ்த்து வடியவிட்டு, பக்கத்தில் உள்ள வாளியில் போடலாம். தண்ணீரோ, பெட்ரோலோ, பிரேக் ஆயிலோ அந்தக் கேனில் கலக்கக் கூடாது. கலந்தால் எடுத்துப்போக மாட்டார்கள்.

பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் திருத்தம் இதுதான்: பார்க்கிங்கில் ஆயில் மாற்றலாம், ஜெனரேட்டர் அறைப் பக்கம், வாய்க்காலிலிருந்து தள்ளி உள்ள அந்த ஒரு இடத்தில் மட்டும், பழைய ஆயில் கேனுக்குப் போக வேண்டும், கீழே சிந்தினால் மரத்தூள் போட்டு அள்ள வேண்டும். தடை போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சிலர் இரவில் ஒளிந்து மாற்றுவார்கள், ஆயில் மறுபடி வாய்க்காலுக்குத்தான் போகும். மற்றவர்கள் தெருமுனைக் கடையில் மாற்றுவார்கள், அந்தக் கடையின் ஆயில் எங்கே போகிறது என்று நாம் கேட்கப்போவதில்லை.

முதல் கேனையும் புனலையும் நான் வாங்கித் தருகிறேன். கிணற்றுக்கு நான் பட்ட கடனில் அது ஒரு சிறு பங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு என் வண்டிக்கு ஆயில் மாற்றப்போகிறேன். பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள், தடை வேண்டும் என்பவர்களும் சேர்த்துத்தான், ஜெனரேட்டர் அறைப் பக்கம் வாருங்கள். காபி உண்டு.